பிரவுன் பேப்பர் ஒட்டிய தரை நம் ஊர் வீட்டில் நிற்குமா?

காட்பாடியில் மாடி அறையின் சிமெண்ட் தரை நிறம் மங்கிவிட்டது, டைல்ஸ் போடக் கையில் பணமில்லை, பிரவுன் பேப்பர் ஒட்டினால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறையில் செய்திருக்கிறோம். பாய் விரித்துப் படுக்கிறோம், பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஆனால் தாங்குவது பேப்பர் இல்லை, மேலே பூசும் வார்னிஷ்தான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதலில் தரை ஈரம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் இந்த வேலை வேண்டாம். கீழ்த்தளத்தில் இந்தத் தொல்லை அதிகம். பழைய சிவப்பு ஆக்சைடு தரையாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். காலம் காலமாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்த தரையில் பசை பிடிக்காது. தவிர, அந்த அழகை மூட மனசு வருமா?

பேப்பர் வாங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்ச வேண்டும். நோட்டுக்கு அட்டை போடும் வழவழப்பான ரகம் ஆகாது. கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு மெலிதாக இருப்பதால் ஒட்டிய பிறகு தடம் தெரியாது. நேர் விளிம்புத் துண்டுகளைச் சுவரோரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் இறுக்கிக் கசக்கிப் பிரியுங்கள். மடிப்புகளில் நிறம் அடர்ந்து இறங்கும். கருங்கல்லும் தோலும் கலந்த மாதிரி ஒரு தோற்றம் வருவது அதனால்தான்.

ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். துண்டை முக்கி, லேசாகப் பிழிந்து, ஓரங்கள் ஓரிரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, நடுவிலிருந்து வெளியே காற்றைத் தள்ளிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; பசை சீக்கிரம் காய்ந்து ஓரம் தூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. தை, மாசிதான் சரியான காலம். ஃபேனை உடனே போடாதீர்கள். காய்ந்தபின் எங்காவது உப்பினால் பிளேடால் கீறி, உள்ளே பசை தடவி அழுத்துங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் பாலியூரித்தேன் வார்னிஷ். ஆறு கோட்டுக்குக் குறையக் கூடாது. நடுநடுவே 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். தண்ணீர் சேர்த்துத் தயாரித்த வகை (வாட்டர் பேஸ்டு) சீக்கிரம் காயும், வாடை குறைவு. எண்ணெய் வகை பழுப்பேறும், இந்த நிறத்துக்கு அது அழகுதான். ஆனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் இருக்கவே கூடாது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு கட்டில், பீரோவைக் கொஞ்ச நாள் கழித்தே உள்ளே ஏற்றுங்கள், இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பிடுங்க நினைத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பொங்கலுக்கு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கமும் இந்தத் தரைக்குச் சரிப்படாது, பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பூஜை அறை, சமையலறை, குளியலறைப் பக்கம் போகவே வேண்டாம். எங்காவது தேய்ந்தாலோ கிழிந்தாலோ, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுத் துண்டு ஒட்டி, மறுபடி வார்னிஷ் பூசிக்கொள்ளலாம்.