சர்நேம் இல்லாத ஊரிலிருந்து வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்க விசாவில் உங்கள் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகியிருப்பதாகவும், அலுவலகத்தில் அதையே பெயராக எண்ணி ‘ஃப்னூ’ என்று அழைப்பதாகவும், இதுதான் சமயமென்று, உங்களுக்கு வைத்த குலதெய்வத்தின் பெயரையே விட்டுவிட்டு வாயில் எளிதாக நுழையும் ஒரு பெயரைச் சட்டப்படி வைத்துக்கொள்ளும்படி அறைத் தோழர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆவணத்தில் உள்ள கோளாறு வேறு, பெயர் வேறு. முன்னதைத் தாமதமின்றிச் சரிசெய்யுங்கள். பின்னதில் கை வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

கோளாறு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்து முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்கத் தூதரகம் அந்த ஒற்றைப் பெயரைச் சர்நேமாகக் கொண்டு, மற்ற இடத்தில் ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’ என்பதன் சுருக்கத்தை இட்டுவிடும். அது அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொள்ளும். இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகப் பெயரைப் பிரித்து எழுதிய புதிய பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். குடிவரவு ஆவணங்களில் பெயர் திருந்திய பிறகே சமூகப் பாதுகாப்பு எண் அலுவலகத்துக்கும், அதன் பின்னரே ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்கும் செல்லுங்கள். கிரீன் கார்டு வேலைகள் தொடங்குவதற்கு முன்பே இது முடிந்துவிட்டால் நல்லது.

சர்நேம் கட்டத்தில் எதை எழுதுவது என்பதில் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. நம் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் போனது தற்செயலன்று. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. பெரியாரும் ‘நாயக்கர்’ என்பதை விட்டார். அப்பாவின் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் போதும் என்ற வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியது. இங்கே படிவம் கேட்கிறது என்பதற்காக, தாத்தா காலத்திலேயே உதிர்த்துவிட்ட சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சற்றும் உவப்பானதில்லை. இனிஷியலாக இருக்கும் அப்பாவின் பெயரை முழுமையாக எழுதுவதே போதும். மருத்துவமனையில் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். நம்மூரில் அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு இழுப்பதாகவே பொருள், இங்கே அது மரியாதை.

இனிப் பெயருக்கு வருகிறேன். என் பெயர் சுடலைமுத்து. இதைக் கேட்டதுமே நான் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆள் என்று தமிழர் எவரும் சொல்லிவிடுவார். வேறு எந்தச் சான்றும் தேவையில்லை. பார்வதியின் வேண்டுதலால் விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, கயிலாயத்தில் இருக்க இடமின்றிப் பூமிக்கு இறங்கி வந்த சுடலைமாடனின் கதையைக் கோயில் கொடைவிழா தோறும் வில்லுப்பாட்டிலும் கணியான் கூத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கோயிலில் சிலை கிடையாது. சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை தீட்டிய பூடம் ஒன்றுதான், அதன் முன்னால் சுருட்டும் சாராயமும் படையலாக இருக்கும். பிள்ளை தங்க வேண்டுமென்று அந்தப் பூடத்தின் முன் நேர்ந்துகொண்டு என் ஆச்சி வைத்த பெயர் இது.

இந்தப் பெயருக்காக நான் கூச்சப்பட்டதெல்லாம் சென்னையில், கல்லூரி விடுதியில். சுடுகாட்டின் பெயரை எவனாவது பிள்ளைக்கு வைப்பானா என்று சிரித்தவர்கள் தமிழர்கள். இங்கே உடன் பணிபுரியும் அமெரிக்கருக்கோ சுடலைமுத்துவும் சுரேஷ்குமாரும் ஒன்றுதான். இரண்டுமே அவர் பழக வேண்டிய சில ஒலிகள், அதற்கு மேல் அவற்றில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. உங்களைப் பெயர் மாற்றச் சொல்பவர்கள் யார் என்று பாருங்கள்: அலுவலகத்தார் இல்லை, நம்மூர் அறைத் தோழர்கள்தான். நாவில் நுழையவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம்; குலதெய்வப் பெயரைக் கேட்டால் பட்டிக்காடு தெரிகிறது என்பதே உண்மைக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கூச்சத்தை நாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம், சட்டப்படி பெயரை மாற்றினாலும் அது போகாது.

அன்றாடப் பேச்சுக்குச் சுருக்கம் வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னை அலுவலகத்தில் முத்து என்றே அழைக்கிறார்கள். வீட்டிலும் ஆச்சி அப்படித்தான் அழைத்தார், ஆகவே எனக்கு அதில் இழப்பில்லை. நிறுவனங்களின் பணியாளர் பதிவேட்டில், விரும்பும் பெயரைக் குறிப்பதற்கென்று பெரும்பாலும் தனிக் கட்டம் இருக்கிறது. முதல் வாரத்திலேயே மனிதவளத் துறையிடம் சொல்லி அதை நிரப்பிவிட்டால் ‘ஃப்னூ’ மறைந்துவிடும். பிற்காலத்தில் மனம் மாறினாலும் கதவு அடைபடுவதில்லை: குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் வேண்டுமா என்று கேட்பார்கள், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுப்பவர்களுக்கு அங்கேயே மாற்றித் தருவார்கள். நான் வேண்டாமென்று குறித்தேன்.

பிள்ளைகளின் பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். என் சர்நேம் என் அப்பாவின் பெயர். அதையே பிள்ளைகளுக்கும் போட்டிருந்தால் அவர்கள் தாத்தாவின் பெயரால் அறியப்பட்டிருப்பார்கள். நாங்கள் நம் வழக்கப்படி என் பெயரைச் சர்நேமாகக் கொடுத்தோம். மனைவியின் சர்நேம் அவருடைய அப்பாவின் பெயர் என்பதால் ஒரே வீட்டில் மூன்று சர்நேம்கள் இருக்கின்றன. சட்டத்தில் இதற்குத் தடையில்லை, வெளிநாட்டுப் பயணங்களில் மட்டும் பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொள்கிறோம். இங்கே பிறப்புப் பதிவுக்கான படிவத்தைப் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே, வீடு திரும்புவதற்குள் நிரப்பித் தரச் சொல்வார்கள். ஆகவே எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.