பொட்டல டாக்கோ: பெரிய கூட்டத்துக்குச் செய்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மக்காச்சோளச் சிப்ஸ் பாக்கெட்டையே தட்டாக வைத்துக்கொண்டு, அதற்குள் சூடான பயறு மசாலாவையும் நறுக்கிய காய்களையும் இட்டு, நின்றபடியோ நடந்தபடியோ கரண்டியால் எடுத்து உண்ணும் பண்டத்தை அமெரிக்காவில் ‘வாக்கிங் டாக்கோ’ என்கிறார்கள்; இங்கே அதைப் பொட்டல டாக்கோ என்கிறேன். டாக்கோ என்பது ரொட்டியில் பூரணம் வைத்து மடித்து உண்ணும் மெக்சிகோ உணவு. அங்கே பள்ளி விளையாட்டு விழாக்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் இது மிகவும் வழக்கமானது. பந்தி போட இடமில்லாத விழாக்களுக்கு இதைச் செய்ய விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 150 மாணவர்களுக்கு இதைத் தர எண்ணுகிறோம். எதை எவ்வளவு வாங்குவது? (ஆசிரியை, கிருஷ்ணகிரி)

தலைக்கு ஒரு பாக்கெட் என்று கணக்கிட்டு, கிழிந்து போவதற்கும் எதிர்பாராமல் வருபவர்களுக்குமாகப் பத்து விழுக்காடு கூட்டி, 165 பாக்கெட் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 25 முதல் 35 கிராம் வரை சிப்ஸ் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பாக்கெட்டில் மசாலா போட்டதும் கரண்டி நுழைய இடமிருக்காது.

பள்ளி மாணவருக்கு 70 கிராம் மசாலா போதும். பெரியவர்களுக்கு 100 கிராம் வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு ஏறத்தாழ பதினொன்றரை கிலோ மசாலா தேவைப்படும். அதற்கு மூன்றரை கிலோ ராஜ்மா, இரண்டரை கிலோ வெங்காயம், மூன்று கிலோ தக்காளி, கால் கிலோ இஞ்சி பூண்டு விழுது, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய் ஆகியவை சரியாக இருக்கும். ராஜ்மா வெந்த பின் இரண்டரை மடங்கு எடைக்கு வரும் என்பதை வைத்தே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். மேலே தூவுவதற்கு முட்டைக்கோஸ் மூன்று கிலோ, தக்காளி நான்கு கிலோ, துருவிய சீஸ் இரண்டரை கிலோ, கெட்டித் தயிராக வடிகட்ட ஆறு லிட்டர் தயிர் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிமாறுவதை மாணவர்களிடம் விட்டுவிடாதீர்கள். முதலில் வருபவர்கள் சீஸை அள்ளிக்கொண்டு போய்விட்டால், கடைசி வகுப்புக்கு வெறும் கோஸ்தான் மிஞ்சும். ஒரே அளவுள்ள குழிக்கரண்டியைக் கையில் கொடுத்து மசாலாவுக்கு ஒருவர், சீஸுக்கு ஒருவர், காய்களுக்கு ஒருவர் என்று நிறுத்துங்கள். நூறு பேரைத் தாண்டினால் இரண்டு வரிசை அமைப்பது நல்லது.

வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தேன். இரண்டு வாய் உண்பதற்குள் சிப்ஸ் கூழாகிவிட்டது. என்ன காரணம்? (பாலக்கோடு)

இதுவரை வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் இந்தப் பண்டத்தில் வேலை முழுவதும் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கிறது. ஈரம் நான்கு வழிகளில் உள்ளே வருகிறது: மசாலாவின் குழம்பு, தக்காளியின் சாறு, தயிரின் தண்ணீர், கழுவிய காயில் ஒட்டியிருக்கும் நீர். நான்கில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் மற்ற மூன்றுக்கும் எடுத்துக்கொண்ட பாடு வீணாகிவிடும்.

மசாலாவிலிருந்து தொடங்குவோம். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளும் பதத்தில் ராஜ்மாவை இறக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இங்கே உதவாது. வெந்த ராஜ்மாவில் கால் பங்கை மத்தால் நன்றாக மசித்து, மீதியோடு சேர்த்து, மூடாமல் கிளறிக்கொண்டே சுண்டவிட வேண்டும். கரண்டியால் அண்டாவின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இருபுறமும் உள்ள மசாலா உடனே ஓடி வந்து மூடிக்கொண்டால் இன்னும் சுண்ட வேண்டும், கோடு இரண்டு மூன்று விநாடிகள் அப்படியே நின்று, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து தெரிந்தால் இறக்கலாம். கெட்டியாக்குவதற்காகச் சிலர் சோள மாவு (கார்ன்ஃபிளவர்) கரைத்து ஊற்றுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் சூடாக இருக்கும்போது கெட்டியாகத் தோன்றும் அது, நெடுநேரம் சூட்டிலேயே கிடக்கும்போதும் திரும்பத் திரும்பக் கிளறும்போதும் நீர்த்துவிடும்.

தக்காளியைப் பொறுத்தவரை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலக்கோட்டுச் சந்தையிலும் ராயக்கோட்டை மண்டியிலும் கூடை கூடையாகக் கிடைக்கிறது. புளிப்பும் சாறும் மிகுந்த நாட்டுத் தக்காளியை மசாலாவுக்கும், சதை கெட்டியான கலப்பினத் தக்காளியை மேலே தூவுவதற்கும் வாங்குங்கள். பின்னதை நறுக்கும்போது விதையையும் சாற்றையும் விரலால் வழித்து எடுத்துவிட்டு, சிட்டிகை உப்புத் தூவிக் கண்ணுள்ள வடிதட்டில் கால் மணி நேரம் வையுங்கள். கீழே கிண்ணத்தில் சேரும் நீரைப் பார்த்தால், அவ்வளவும் முன்பு சிப்ஸுக்குள்தான் போயிருக்கும் என்பது விளங்கும். அந்தச் சாற்றைக் கொதிக்கும் மசாலாவிலேயே ஊற்றிவிடலாம்.

தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் ஐந்தாறு மணி நேரம் வடியவிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்து, வெண்ணெய்போல் நிற்கும். காய்களை நறுக்குவதற்கு முன்பே நல்ல குடிநீரில் கழுவி, துணியில் பரப்பி உலர்த்திவிடுங்கள்.

கடைசியாக, உண்பவர் கை நீட்டும்போதுதான் பொட்டலத்தை நிரப்ப வேண்டும். முன்கூட்டி நிரப்பி மேசையில் அடுக்கி வைப்பது எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் அதைச் செய்யாதீர்கள்.

பாக்கெட்டை எப்படி வெட்டுவது? (காரிமங்கலம்)

மேல்வாயைத் திறக்காமல், நீளவாட்டில் ஒரு பக்க ஓரத்தைக் கத்தரியால் வெட்டுங்கள். அகன்ற வாய் கிடைக்கும், கரண்டி அடி வரை போகும், உள்ளங்கையில் படகுபோல் படுத்துக்கொள்ளும். வெட்டிய பிறகே சிப்ஸை வெளியிலிருந்து இலேசாக நொறுக்க வேண்டும். காற்றடைத்த பாக்கெட்டை அப்படியே அழுத்தினால் தையல் விட்டுவிடும். ஒவ்வொரு சிப்ஸும் மூன்று நான்கு துண்டாக உடைந்தால் போதும், பொடியாகக் கூடாது.

எங்கள் குடியிருப்பில் சைவம் உண்போரும் அசைவம் உண்போரும் கலந்திருக்கிறோம். காலையில் சமைத்து மாலை ஆறு மணிக்குப் பரிமாறலாமா? (ஓசூர்)

பரிமாறலாம், ஆனால் இடைப்பட்ட நேரத்தில் உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கக் கூடாது. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பத்துக் கிலோ மசாலாவை ஆழமான அண்டாவில் மூடி வைத்தால் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அகலமான தட்டுகளில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்து, மாலையில் நன்றாகக் கொதிக்கும் வரை சூடாக்குங்கள். குளிர்பெட்டியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மாலை நான்கு மணிக்குச் சமைப்பதே மேல். பரிமாறும்போது மசாலாப் பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, அடியில் சிறு தீ வைத்தால் சூடு குறையாது, அடியும் பிடிக்காது.

ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் லெக்டின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குக்கரில் விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். பெரிய அண்டாவில் குறைந்த தீயில் நெடுநேரம் வைத்திருப்பது மட்டும் அந்த நச்சை அழிக்காது. தளதளவென்று கொதித்தாக வேண்டும். இந்தக் கவலை வேண்டாம் என்பவர்கள் நம் பக்கத்துக் காராமணியைப் பயன்படுத்தலாம். சீக்கிரம் வேகும், எளிதில் மசியும். எனக்கு இதில் ராஜ்மாவைவிடக் காராமணியின் சுவைதான் பிடித்திருக்கிறது.

அசைவத்துக்குக் கோழிக் கொத்துக்கறி ஏற்றது. வதக்கும்போது கால் பங்கு எடை குறையும் என்பதால் பச்சையாக வாங்கும்போதே கூட்டி வாங்குங்கள். சைவ மேசையும் அசைவ மேசையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கரண்டி மட்டுமல்ல, சீஸ், காய்ப் பாத்திரங்களும் தனித்தனியாகவே வையுங்கள். மசாலாத் தூளில் மிளகாயோடு வறுத்த சீரகத்தைத் தாராளமாகச் சேர்த்தால்தான் டாக்கோவின் மணம் வரும். இதில் சேர்க்கும் ஆரிகனோ என்னும் வாசனை இலை கிடைக்கவில்லையென்றால் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி இலையில் நாலைந்தைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். இரண்டின் மணமும் நெருங்கியது.

அவகாடோ விலை கட்டுப்படியாகவில்லை. வேறு என்ன வைக்கலாம்? (காவேரிப்பட்டணம்)

மாங்காய் வையுங்கள். காயிலேயே இனிப்பும் புளிப்பும் கலந்திருக்கும் கிளிமூக்கு மாங்காய் உங்கள் ஊரைச் சுற்றிலும் விளையும்போது அவகாடோவுக்காக ஏங்க வேண்டியதில்லை. செங்காய்ப் பருவத்தில் எடுத்துத் தோல் சீவி, கடலைப்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கி, சிறிய வெங்காயம், கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துப் பிசிறினால் தீர்ந்தது. நன்கு பழுத்த பழத்தைப் போடாதீர்கள், சாறு விட்டுவிடும். மாங்காய் இல்லாத மாதங்களில் வெள்ளரியை விதை நீக்கிச் சேர்க்கலாம். லெட்டூஸ் கீரை ஓசூர், தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து கிடைத்தாலும், வெயிலில் துவண்டுவிடும் என்பதால் திறந்தவெளி விழாக்களுக்கு மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸையே நான் பரிந்துரைப்பேன்.

சிப்ஸை வீட்டிலேயே செய்ய முடியுமா? மாவு பிசைந்தால் உடைந்து உடைந்து போகிறது. (அரூர்)

உடைவது உங்கள் கைக்குற்றமல்ல. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பிறகே அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பினால்தான் மாவு ஒட்டிக்கொண்டு ரொட்டியாக வருகிறது. நம் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவு அவ்வாறு பக்குவப்படுத்தப்படாதது. இரண்டு பங்கு மக்காச்சோள மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்து, கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். உப்பாமல் இருக்க முள்கரண்டியால் குத்தி, முக்கோணமாக வெட்டி, மிதமான சூட்டில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள். இதே அளவில் கேழ்வரகு மாவிலும் செய்யலாம். சிப்ஸ் முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் அடைத்தால் நாலைந்து நாள் தாங்கும். பரிமாறுவதற்குப் பாக்குமட்டைத் தொன்னை போதும்.

கடையில் விற்கும் தட்டுவடையைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள், அரிசி மாவில் செய்த கெட்டியான தட்டுவடை உருளைக்கிழங்குச் சிப்ஸைவிட நெடுநேரம் ஈரத்தைத் தாங்கும்.

சூடான மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் போடுவது சரியா? கரண்டிக்கு என்ன செய்வது? (தருமபுரி)

அந்தப் பாக்கெட்டுகள் உலர்ந்த தின்பண்டத்தைச் சாதாரண வெப்பநிலையில் வைப்பதற்காகவே செய்யப்பட்டவை. எனவே கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், சூடாக வைத்திருக்கும் பாத்திரத்திலிருந்து எடுத்து, நொறுக்கிய சிப்ஸின் மேல் விழும்படி இடுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் சிப்ஸைத் தொன்னையில் கொட்டிவிட்டுப் பரிமாறுங்கள். குழந்தைகள் கூடும் இடத்தில் நான் இதையே விரும்புவேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, குவளை போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. மரக்கரண்டிகளை வாங்குங்கள்.

வேனில் ஒகேனக்கல் போகிறோம், முப்பது பேர். அங்கே போய் அடுப்பு மூட்ட முடியாது. (ஊத்தங்கரை)

அப்படியானால் பொட்டல டாக்கோவை விட்டுவிட்டு, மெக்சிகோவின் கூடை டாக்கோவைச் செய்யுங்கள். தலாக்ஸ்காலா மாநிலத்தைச் சேர்ந்த சிலோசோசித்லா என்ற ஊர் இதற்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து மெக்சிகோ நகரத்துக்கு எடுத்துச் சென்று, துணி போர்த்திய கூடையை மிதிவண்டியில் கட்டி வைத்துத் தெருத்தெருவாக விற்கிறார்கள். உருளைக்கிழங்கு, மசித்த பயறு போன்ற மென்மையான பூரணத்தை ரொட்டியில் வைத்து மடித்து, அடுக்கடுக்காக வைத்து, மேலே சூடான எண்ணெய் தெளித்து மூடிவிடுவார்கள். தன் ஆவியிலேயே வியர்த்து ரொட்டி மெத்தென்று ஆகிவிடும்; மொறுமொறுப்புக்கு இங்கே வேலையே இல்லை.

நீங்கள் உள்ளங்கை அளவுச் சப்பாத்தியில் தண்ணீர்ப்பதம் இல்லாத உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து மடித்து, வாழை இலை விரித்த ஹாட் பாக்ஸில் சூட்டோடு சூடாக அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கின் மேலும் மிளகாய்த்தூள் காய்ச்சிய எண்ணெயை ஒரு கரண்டி தெளித்து, மேலே பருத்தித் துணி மூடுங்கள். ஆளுக்கு நான்கு என்றால் 120 வேண்டும். காலையில் கிளம்பும்போது அடுக்கியதை நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும். தயிர், சீஸ் எதுவும் வேண்டாம். ஊறுகாய்போல் புளிக்காடியில் ஊறிய வெங்காயமும் மிளகாயும் போதும். அருவிப் பக்கம் குரங்குகள் உண்டு, ஆகவே வேனுக்குள்ளேயே பரிமாறிவிட்டு, இலையையும் துணியையும் அதே பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.