கல்லூரிக் காலத்தில் தடகளம், கூடைப்பந்து என இரண்டு விளையாட்டுகளிலும் உச்சத்தில் இருந்த பெண் யாராவது உண்டா?

யோசிக்காமல் சொல்வேன், அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஹெப்டத்லானில் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது) அவர் எடுத்த 7291 புள்ளிகள் உலக சாதனை பலருக்கும் தெரியும். ஆனால் அவர் கல்லூரிக்கு வந்ததே கூடைப்பந்து ஆடத்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கும் அந்தக் கல்லூரி வருடங்கள்தான் காரணம்.

ஈஸ்ட் செயின்ட் லூயிஸிலிருந்து 1980இல் கூடைப்பந்து உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளர் பில்லி மூர், 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி வெள்ளி வென்றபோது அதற்குப் பயிற்சி தந்தவர். அவருடைய கல்லூரி அணியில் சும்மா பெயருக்கு ஆடிவிட்டுப் போக முடியாது. முதல் வருடமே ஜாக்கியின் அம்மா மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அந்த நேரத்தில் துணையாக நின்றவர் தடகளத் துணைப் பயிற்சியாளர் பாப் கெர்சி, அவரும் இளம் வயதில் தாயை இழந்தவர். இந்தப் பெண்ணை நீளம் தாண்டுதலோடு நிறுத்தக் கூடாது, ஏழு போட்டிகளும் செய்யக்கூடியவர் என்று முதலில் கண்டுபிடித்து, நிர்வாகத்திடம் அடம்பிடித்து, பயிற்சிப் பொறுப்பை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். (1986இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.)

ஹெப்டத்லான் என்றால் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர், இவ்வளவும் இரண்டே நாளில். கல்லூரிக் கூடைப்பந்து குளிர்காலம் முழுக்க நடந்து மார்ச் வாக்கில்தான் ஓயும், அப்புறம் உடனே தடகள சீசன். மற்றவர்கள் மாதக்கணக்கில் ஈட்டியும் தடையுமாகப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பந்துக்குக் குதித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு ஆஸ்துமா வேறு. மருத்துவர் சொன்ன பிறகும் அதை ஏற்க மனமில்லாமல் இருந்ததாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் 1982, 1983 இரண்டு வருடமும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி) ஹெப்டத்லான் பட்டம் அவருக்குத்தான், யூசிஎல்ஏ பெண்கள் தடகள அணியும் அந்த இரண்டு வருடமும் தேசிய சாம்பியன்.

1984 ஒலிம்பிக்குக்காக ஒரு கூடைப்பந்து சீசனை ஆடாமல் விட்டார். ரெட்ஷர்ட் என்பார்கள், அந்த வருடம் ஆடாவிட்டாலும் ஆடும் தகுதி வீணாகாது. ஒலிம்பிக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். தொடைத் தசையில் காயம். அவருடைய பலமான நீளம் தாண்டுதலில் முதல் இரண்டு முயற்சியும் ஃபவுல், மூன்றாவதைப் பத்திரமாகத் தாண்டி 6.11 மீட்டரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிளினிஸ் நன் 6390, இவர் 6385. வெறும் ஐந்து புள்ளி! 800 மீட்டரில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வேகமாக ஓடியிருந்தால் தங்கம்.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் என் பதிலே. தங்கத்தை அவ்வளவு கிட்டத்தில் தவறவிட்ட யாரும் இனி தடகளம் மட்டும்தான் என்று முடிவெடுத்திருப்பார்கள், அப்படிச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. அவரோ வெள்ளிப் பதக்கத்தோடு கல்லூரிக்குத் திரும்பி, 1984-85 சீசனில் மறுபடி யூசிஎல்ஏ சீருடையைப் போட்டுக்கொண்டு கூடைப்பந்து ஆடினார். கல்லூரி வாழ்க்கையில் மொத்தம் 1167 புள்ளிகள், முழுநேரக் கூடைப்பந்து வீராங்கனைகளே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணக்கு. 1985இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான புரோடெரிக் கோப்பையும் அவருக்கே கிடைத்தது.

அடுத்த வருடமே மாஸ்கோவில் ஹெப்டத்லானில் 7148 எடுத்து, 7000 புள்ளிகளைத் தாண்டிய முதல் பெண் ஆனார். அதன் பிறகு ஒலிம்பிக் தங்கம் மூன்று. ஆனாலும் பந்தை அவர் மறக்கவில்லை. 1996 அட்லாண்டாவில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கிய கையோடு, 34 வயதில், ரிச்மண்ட் ரேஜ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் போய்ச் சேர்ந்தார்.