பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டில் சீட் நம்பர் ‘அப்புறம்’ என்றால்

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதலில் இரண்டரை மணி நேரம் ஒரு சின்ன விமானம், பிறகு மாறி 14 மணி நேரப் பயணம். மகள் ஓர் ஏஜென்ட் மூலம் பிசினஸ் கிளாஸில் எடுத்துத் தந்திருக்கிறாள். சீட் உண்மையிலேயே படுக்கையாக விரியுமா? லவுஞ்சும் (விமான நிலையத்தில் சொகுசாக ஓய்வெடுக்கும் அறை) உண்டு, சீட் நம்பர் மட்டும் அப்புறம் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். முதல் தடவை என்பதால், அங்கே போய் ஒன்றும் தெரியாமல் முழிப்பேனோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: கூச்சத்தை விடுங்கள் அம்மா. சீட் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மாதிரி. மாதம் நான்கு தடவை பறப்பவர்கூட சாப்பாட்டு மேஜை எந்த இடுக்கில் மடங்கிக் கிடக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு “இது எனக்குப் புதுசு, கொஞ்சம் காட்டுங்கள்” என்று சொன்னால் போதும்.

என்னை உறுத்துவது அந்த “சீட் நம்பர் அப்புறம்”தான்.

உங்களிடம் உள்ள தாளை எடுத்துப் பாருங்கள். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும், அதுதான் பிஎன்ஆர். இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். டிக்கெட் அடித்துவிட்டார்கள் என்றால் 13 இலக்க எண் ஒன்றும் இருக்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த விமான நிறுவனத்தைக் குறிக்கும். பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, கட்டணம் இறங்காதா என்று பிஎன்ஆரை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஏஜென்டுகள் உண்டு. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கையில் வண்ண லோகோ போட்ட அழகான பிரின்ட் அவுட். பயணியின் பெயர், நேரம், உணவு விருப்பம் எல்லாம் இருந்தது, 13 இலக்கத்தைத் தவிர. இடம் என்றைக்கோ தானாக ரத்தாகியிருந்தது. எனவே, ஏஜென்ட் சொல்வதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மகளே பிஎன்ஆரைப் போட்டுத் திறந்து பார்க்கட்டும்.

விலை ஊரில் இல்லாத மலிவா? அப்படியென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. யாரோ ஒருவர் சேர்த்த மைல்களை (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) விலைக்கு வாங்கி, அதில் உங்கள் பெயருக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். மைல்களை விற்பதைப் பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. தெரிய வந்தால் டிக்கெட்டையே ரத்து செய்வார்கள். கவுன்டரில் நிற்பவர் நீங்கள், ஏஜென்ட் இல்லை.

இனி படுக்கைக்கு வருவோம். 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுக்கப் படுக்கையாகும் சீட்டைக் கொண்டுவந்தது. இன்று 14 மணி நேரம் பறக்கும் பெரிய விமானங்களில் அதுதான் வழக்கம். ஆனால் முதலில் ஏறும் சின்ன விமானத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். சற்று அகலமான சாய்வு நாற்காலி இருக்கும். சில இடங்களில் சாதா வகுப்பு நாற்காலியையே போட்டு, நடு சீட்டைக் காலியாக விட்டு, அதற்கும் பிசினஸ் என்றே பெயர் வைத்திருப்பார்கள். இரண்டரை மணி நேரம்தானே, சமாளித்துக்கொள்ளலாம். நீளப் பயணத்தின் சீட் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். குறுக்கே 1-2-1 என்றிருந்தால், அதாவது இரு ஓரத்திலும் ஒவ்வொரு சீட், நடுவில் இரண்டு என்றால், எல்லோருக்கும் நேராக நடைபாதை. 2-2-2 என்றிருந்தால் ஜன்னலோரம் வேண்டாம். நடுராத்திரி பாத்ரூம் போக, தூங்குபவரின் காலைத் தாண்ட உங்கள் முழங்கால் இடம் கொடுக்காது.

இன்னொன்றும் உண்டு. புதுவகை சீட்டுகள் பலவற்றில், படுத்தால் பாதம் முன்சீட்டுக்கு அடியில் ஒரு பொந்துக்குள் போகும். அது குறுகலாக இருந்தால் புரண்டு படுக்கும்போது முட்டி இடிக்கும். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் பொந்து பெரும்பாலும் விசாலமாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள், இன்றைக்கே. ஆனால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை அனுப்பினால் இந்தக் கணக்கெல்லாம் குப்பைக்குப் போகும். எந்த மாதிரி சீட் என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுப்பதில்லை. காசு வாங்கும்போது மட்டும் படம் போட்டுக் காட்டுவார்கள்.

லவுஞ்ச் உண்டு என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எமிரேட்ஸ் 2019இலும் கத்தார் ஏர்வேஸ் 2020இலும் லவுஞ்ச் இல்லாத மலிவு பிசினஸ் கட்டணத்தைத் தொடங்கின. 2021இல் ஃபின்னேர் கொண்டுவந்ததில் செக்-இன் லக்கேஜும் கிடையாது. இந்த வகைகள் சிலவற்றில் சீட்டை முன்கூட்டித் தேர்வு செய்யவும் விட மாட்டார்கள். ஏஜென்ட் சீட் நம்பரைத் தள்ளிப்போடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கட்டண வகையின் பெயர் என்ன என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

பிசினஸ் டிக்கெட் இருந்தும் இடமில்லை என்று கீழ் வகுப்பில் உட்கார வைத்தால்? பெரும்பாலும் ஏதோ கொஞ்சம் திருப்பித் தந்து அனுப்பிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்கள் விலக்கு. ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதி இருக்கிறது. ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போவதென்றால் ஒன்றியத்து நிறுவனமாக இருக்க வேண்டும். ஒன்றியத்துக்கும் வெளியே உள்ள ஊர்களுக்கும் இடையில், 1,500 கி.மீ. வரை கட்டணத்தில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75, ஏழு நாளுக்குள் தர வேண்டும். எந்தக் கட்டணத்தில் என்பதில்தான் சண்டை. முழு டிக்கெட் விலையில் இல்லை, கீழே இறக்கிய அந்தப் பறப்பின் விலையில் மட்டும், அதுவும் வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகள் நீங்கலாக என்று 2016இல் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தனி விலை போடவில்லையென்றால் தூரத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். வரி போக 1,000 என்று வைத்துக்கொள்வோம். பெரிய பறப்பு தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்றால் அதன் விலை 900. அதில் 75 சதவீதம், 675. சின்ன பறப்பில் இறக்கினால் அதன் விலை 100, 1,400 கி.மீ. தூரமென்றால் வருவது வெறும் 30. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் வவுச்சர் செல்லும்.

விமானத்தில் ஏறிய பிறகு ஒன்றே ஒன்று. சீட் நிமிர்ந்து இருந்தால்தான் விமானம் கிளம்பும். சில நிமிடம் கழித்து சாய்த்துக்கொள்ளலாம். படுக்கும்போது போர்வைக்கு மேலே பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். வெளியே தெரிந்தால், விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டீர்களா என்று எழுப்ப மாட்டார்கள்.