நியூயார்க் உணவகப் பில்லில் கூடிய தொகை

வணக்கம். டப்ளினிலிருந்து விடுமுறைக்கு வந்த உங்கள் நண்பர் நியூயார்க்கில் 40 டாலருக்குச் சாப்பிட்டதற்கு 43.55 டாலர் பில் வந்ததையும், அதை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தபோது பரிமாறியவர் முகம் சுளித்ததையும் எழுதி, அவர் ஏமாற்றப்பட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அயர்லாந்தில் விலைப்பட்டியலில் காணும் தொகைக்குள்ளேயே மதிப்புக் கூட்டு வரி அடங்கிவிடும். நியூயார்க் நகரிலோ 8.875 விழுக்காடு விற்பனை வரி பில் போடும்போதுதான் சேரும் என்பதால், 3.55 டாலர் கூடியது முறையான கணக்கே.

டிப்ஸ் விஷயம் வேறு. பரிமாறுபவருக்கு டிப்ஸ் வரும் என்பதைக் கணக்கில் கொண்டு, உரிமையாளர் தரும் கூலி பொதுவான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருக்கச் சட்டமே அங்கு இடம் தருகிறது. ஆகவே கட்டாயம் இல்லாவிட்டாலும், மேசையில் அமர்ந்து உண்டால் 18 முதல் 20 விழுக்காடு வைப்பது வழக்கம். பில்லில் உள்ள வரியை இரட்டித்தால் ஏறத்தாழ அத்தொகை வந்துவிடும். உங்கள் நண்பருக்கு 7.10 டாலர். (மனக்கணக்கில் பலவீனமான எனக்கு இதுவே கைகொடுத்தது.) ஆனால், பலர் சேர்ந்து உண்ணும்போது சில இடங்களில் சேவைக் கட்டணம் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், பில்லை ஒருமுறை படித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைகளிலும் இதே வரிதான். எனினும் 110 டாலருக்குக் குறைந்த உடைக்கும் காலணிக்கும் அது கிடையாது.