டர்ஹம்: உடைந்த சிலைகள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இங்கிலாந்தில் டர்ஹம் பேராலயத்தைப் பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தபடியே நடந்தேன். ஆனால் நடுக்கூடத்துக் கல்லறைகளின் மேல் படுத்திருக்கும் கற்சிலைகள் முகமும் கையும் சிதைந்து கிடக்கின்றன. 1093-இல் தொடங்கிய கட்டடத்தை இவ்வளவு அக்கறையாகக் காப்பவர்கள் இவற்றை ஏன் செப்பனிடவில்லை? மனம் ஒட்டாமல் கடந்து வந்துவிட்டேன்.

ம.

அன்புள்ள ம.,

அண்ணாந்து பார்க்கவேண்டிய கூரைதான் அது. தூண்களிலிருந்து கல் விலாக்கள் எழுந்து உச்சியில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, இடைவெளிகளைக் கல்லாலேயே மூடியிருக்கிறார்கள். 1133-இல் முடிந்த வேலை. அந்தக் கூரையில் குறுக்கே செல்லும் வளைவுகளின் முனை கூராக இருப்பதைக் கவனித்தீர்களா? பின்னால் வந்த, கூர்வளைவுகளைக்கொண்ட கோதிக் பாணி ஆலயங்களுக்கு அங்கே ஒரு முன்னோட்டம் இருக்கிறது.

ஆனால் சிலைகளைக் கடந்துவந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அவை நெவில் குடும்பத்துப் பிரபுக்களின் கல்லறைகள். அவர்களில் ரால்ஃப் நெவில் 1346-இல் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஸ்காட்லாந்துப் படையை முறியடித்த தளபதிகளில் ஒருவர். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1650-இல், ஸ்காட்லாந்தில் நடந்த டன்பார் போரில் இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லிடம் பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் ஏறத்தாழ 3000 பேரை இந்தப் பேராலயத்திலும் எதிரேயுள்ள கோட்டையிலும் அடைத்தார்கள். பசி, வயிற்றுக்கடுப்பு. சுமார் 1700 பேர் இறந்தார்கள். நெவில் சிலைகளைச் சிதைத்தது அந்தக் கைதிகள்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். குளிர்காய ஆலயத்தின் மரவேலைகளை எரித்தவர்கள், தங்கள் நாட்டுச் சின்னமான முட்செடிப்பூ செதுக்கியிருந்ததால் பழைய கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தார்களாம். அது இன்றும் அங்கே நிற்கிறது.

செத்தவர்களில் பலரைப் பெயரோ அடையாளமோ இல்லாமல் குழியில் போட்டு மூடினார்கள். 2013-இல் பேராலயத்துக்கு அருகே ஒரு கட்டட வேலைக்குத் தோண்டியபோதுதான் சிலருடைய எலும்புகள் வெளிப்பட்டன. ஆராய்ந்து, 2018-இல் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அதுவரை அந்த மனிதர்கள் அங்கே விட்டுச்சென்ற தடயம் என்று ஏதாவது இருந்ததென்றால், அது அந்த உடைசல்தான். செப்பனிட்டால் பிரபுவுக்கு முகம் திரும்பக் கிடைக்கும்; கைதியின் கை அழிந்துபோகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அடுத்தமுறை போனால் தெற்குப் பக்கச் சிறகில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நினைவுச்சின்னத்தையும் பாருங்கள். 1947-இல் வைத்தது. ஆண்டுதோறும் ஜூலையில் தொழிலாளர்கள் வாத்திய இசையோடு கொடிகளை ஏந்தி உள்ளே வருவார்கள். சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், விபத்தில் உயிர்கள் போன ஆண்டுகளில் கொடிமேல் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. அந்தச் சின்னத்தில் விவிலியத்தில் உள்ள யோபுவின் நூலிலிருந்து ஒரு வரி பொறித்திருக்கிறார்கள்: ஊருக்கு அப்பால் சுரங்கம் வெட்டுகிறவர்களை, மேலே கடந்துபோகும் கால் மறந்துவிடுகிறது என்பது அதன் பொருள்.

அங்கே சற்று நில்லுங்கள்.