காற்றாலை சுற்றினால் நிலக்கரி மிச்சமாகிறதா?

மின்சார வாரியக் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். காற்றாலையால் கரியமில வாயு நிஜமாகவே குறைகிறதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சார், காற்று எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அனல் நிலையத்தை ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்புறம் என்ன மிச்சம்?

ஓட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் முழு லோடில் அல்ல. கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது. உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால்தான் ஃப்ரீக்வென்சி (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு) 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். ஒரு பக்கம் 100 மெகாவாட் கூடினால் இன்னொரு பக்கம் 100 குறைந்தே தீர வேண்டும்.

ஜூன் மாத நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். அனல் நிலையத்துக்குப் போன் போட்டு "நூறு குறைங்க" என்போம். அங்கே நிலக்கரி அரைக்கும் மில்களில் ஒன்றை நிறுத்துவார்கள். 100 மெகாவாட் ஒரு மணி நேரம் குறைந்தால் ஒரு லட்சம் யூனிட். நம்மூர் நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தால் சுமார் 70 டன் எரியாமல் பங்கரிலேயே (நிலக்கரித் தொட்டியிலேயே) கிடக்கும். அந்த மிச்சத்தை யாரும் எடைபோட்டே பார்க்கலாம்.

பாதி லோடில் ஓடும் பாய்லர் யூனிட்டுக்கு அதிக நிலக்கரி தின்னுமே, அண்ணா?

தின்னும், தம்பி. இந்தத் தொடரிலேயே நல்ல கேள்வி இதுதான். கணக்கே போட்டுவிடுவோம். 500 மெகாவாட் அலகு (பாய்லரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரு தொகுதி) ஒன்று முழு லோடில் யூனிட்டுக்கு 0.95 கிலோ கரியமில வாயு விடுகிறது என்று கொள்வோம். மணிக்கு 475 டன். காற்று வந்ததால் 275 மெகாவாட்டுக்கு இறக்குகிறோம். திறன் கெட்டு யூனிட்டுக்கு 1.03 கிலோ ஆகிறது என்றே வையுங்கள், 8 சதவீதத்துக்கும் மேல் நஷ்டம். அப்போதும் மணிக்கு 283 டன்தான். 225 மெகாவாட் காற்றால் 192 டன் குறைந்தது. யூனிட்டுக்கு 0.85 கிலோ. 0.95 கிடைக்கவில்லை, சரி. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு கைக்கு வந்துவிட்டதே! "பின்னணியில் அனல் நிலையம் ஓடுவதால் பயனே இல்லை" என்பவர்கள் அந்தப் பத்தில் ஒரு பங்கைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

இன்னும் கீழே இறக்கினால் தீச்சுவாலை நிலைக்காது, எண்ணெய் ஊற்ற வேண்டிவரும். அங்கேதான் உண்மையான சிக்கல்.

காற்றாலையின் கோபுரம், இறக்கை எல்லாம் செய்யும்போது வெளியாகும் கரியமில வாயு?

சிமென்ட், இரும்பு எல்லாம் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையில், நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து யூனிட்டுக்கு 11 கிராம் என்பது நடுமதிப்பு. நிலக்கரிக்கு 820 கிராம்.

நான் கயத்தாறு பக்கம். நல்ல காற்று அடிக்கும்போதே எங்கள் ஊர் காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறார்களே, ஐயா?

அதைப் பார்க்க எனக்கும் வயிறு எரியும். நின்ற காற்றாலை ஒரு கிராம்கூடக் குறைக்காது. காரணம் இரண்டு. ஒன்று, மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் லைன் போதாமை. இன்னொன்று, அனல் அலகுகளை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கத் தயங்குவது. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கலாம். அதுபோல இன்னும் பல வேண்டும். புதிய காற்றாலைக்குக் காட்டும் அவசரத்தை இதற்கும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்று வந்தால் நிலக்கரிக்குப் பதிலாக நீர்மின்சாரத்தைக் குறைத்தால்? அப்போது கரியமில வாயு குறையாதே, சார்?

அந்த மணி நேரத்தில் குறையாதுதான். ஆனால் நீலகிரியின் குந்தா அணைகளில் தண்ணீர் அப்படியே நிற்கும், அம்மா. மறுநாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அதே தண்ணீரை விட்டால் அப்போது அனல் நிலையத்துக்கு வேலை குறையும். மிச்சம் தள்ளிப்போகிறதே தவிர தொலைவதில்லை. மேட்டூரில் பாசனத்துக்குத் திறந்த நீர் வேறு கதை. பயிருக்காகத் திறந்ததைக் காற்றுக்காக அடைக்க முடியாது, அங்கே நிலக்கரியைத்தான் குறைத்தாக வேண்டும்.